மாங்கனைட் படலத்துக்கு எந்தப் படிகத் தட்டு வாங்கலாம்?

லாந்தனம் ஸ்ட்ரான்ஷியம் மாங்கனைட் என்ற காந்த ஆக்சைடை (லாந்தனத்தின் இடத்தில் ஸ்ட்ரான்ஷியம் 0.33 பங்கு) மெல்லிய படலமாக வளர்க்க ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் தட்டுதான் எங்கள் முதல் தேர்வு. அதன் அணிக்கோவை மாறிலி (படிக அமைப்பு திரும்பத் திரும்ப வரும் இடைவெளி) 3.905 ஆங்ஸ்ட்ராம், படலத்தினுடையது சுமார் 3.88. படலம் சுமார் 0.6 சதவீதம் இழுபடுவதால் காந்தத்திசை படலத்தின் தளத்திலேயே படுத்துக்கொள்ளும்.

பரப்பைச் சீராக்க: 10 நிமிடம் நீரில் மீயொலிக் குளியல், பஃபர் கலந்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் 30 நொடி, பிறகு ஆக்சிஜனில் 950 டிகிரி செல்சியஸில் 1 மணி நேரம். அமிலத்தில் நேரம் கூடினால் குழி விழும். அமிலம் தோலில் பட்டால் தடவ, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டின் பெரிய குறை, வெற்றிடத்தில் சூடாக்கினால் ஆக்சிஜனை இழந்து தட்டே மின்கடத்தியாகிவிடும். அப்புறம் அளப்பது படலத்தின் மின்தடையை அல்ல, தட்டினுடையதை!

இன்னொரு தட்டான லாந்தனம் அலுமினேட் (மாறிலி 3.79) படலத்தை 2 சதவீதத்துக்கு மேல் அமுக்கும், காந்தத்திசை செங்குத்தாக நிமிரும். ஆனால் தட்டில் உள்ள இரட்டைப் படிகக் கோடுகள் (வெவ்வேறு திசையில் திரும்பிய படிகப் பகுதிகளின் எல்லைகள்) எக்ஸ் கதிர் உச்சிகளைப் பிளக்கும், படலம் கொஞ்சம் தடித்தாலே திரிபு (இந்த அமுக்கம்) தளர்ந்துவிடும். தளர்ந்ததா என்பதைத் தலைகீழ்வெளி வரைபடம் (தட்டு, படலம் இரண்டின் மாறிலிகளையும் ஒப்பிட்டுக் காட்டும் எக்ஸ் கதிர் அளவீடு) எடுத்துப் பார்த்துவிடுங்கள். செங்குத்துக் காந்தம் தேவையில்லை என்றால் இதற்குச் செலவழிக்க வேண்டாம்.