அட்டைக்காக எடுத்த ஆல்பம்

ஃப்ளீட் ஃபாக்ஸஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் முதல் ஆல்பத்தை நான் எடுத்ததே அட்டைப் படத்துக்காகத்தான். பீட்டர் ப்ரூகல் 1559-இல் வரைந்த ஓவியம். ஒரு ஊரே திரண்டு நூற்றுக்கும் மேற்பட்ட பழமொழிகளை நடித்துக் காட்டுகிறது. ஒருவன் சுவரில் முட்டிக்கொள்கிறான், இன்னொருவன் பூனைக்கு மணி கட்டுகிறான். அட, இதெல்லாம் நம்ம ஊர்ப் பேச்சாயிற்றே என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் முதல் இரண்டு பாட்டு காதில் விழவே இல்லை.

சரி என்று மறுபடி முதலிலிருந்து போட்டேன். 'சன் இட் ரைசஸ்' கருவி எதுவும் இல்லாமல் தொடங்குகிறது. சில குரல்கள் சேர்ந்து ஒரு சிவப்பு அணிலைக் கூப்பிடுகின்றன, அதற்கப்புறம்தான் கிட்டார். அடுத்தது 'ஒயிட் வின்டர் ஹிம்னல்'. வரியின் தொடக்கத்தை ஒரு குரல் பிடிக்கிறது, அது முடிவதற்குள் இன்னொன்று வந்து ஒட்டிக்கொள்கிறது, அதன் மேல் இன்னொன்று. இரண்டரை நிமிடத்தில் ஒரே ஒரு சரணத்தைத்தான் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். கழுத்தில் சிவப்புத் துணி சுற்றிய கூட்டம் பனியில் போகிறது, யாரோ விழ, வெள்ளைப் பனி சிவப்பாகிறது. பாடுவதோ பிள்ளைகள் கை கோத்து ஆடும்போது பாடுகிற மாதிரி. மூன்றாம் தடவை கேட்கும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

2008 ஜூனில் வந்த ஆல்பம் இது. குழுவுக்கு ஊர் சியாட்டில், வெளியிட்டது சப் பாப் என்ற இசை நிறுவனம். 1989-இல் நிர்வாணா என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்ட அதே சப் பாப்தான்! அந்த இரைச்சல் கிட்டார் எங்கே, இது எங்கே.

குறை உண்டு. பதிவு முழுக்க எதிரொலி. காலி மண்டபத்தில் நின்று பாடுவது போல எல்லாக் குரலும் பரவிவிடுவதால் பாதிச் சொற்கள் கரைந்துபோகின்றன. வரிகளைத் தேடிப் படித்துப் பார்த்தேன், பெரிதாக எதுவும் கூடவில்லை. 'ஹர்ட் தெம் ஸ்டிர்ரிங்' பாட்டில் சொல்லே கிடையாது, வெறும் ஆலாபனை. அது எனக்கு மற்ற பாதிப் பாட்டுகளைவிடப் பிடித்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 'குவயட் ஹவுசஸ்' வந்தால் இப்போதெல்லாம் தாண்டிவிடுகிறேன்.

ஆனால் பதினோராவது பாட்டு, 'ஆலிவர் ஜேம்ஸ்', வேறு ரகம். கூட்டம் கலைந்து குழுவின் முதன்மைப் பாடகர் ராபின் பெக்னோல்ட் மட்டும் கிட்டாரோடு நிற்கிறார். கடைசியில் கிட்டாரும் ஓய்ந்து குரல் தனியாகப் போய் முடிகிறது. ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 22. இத்தனை நேரம் அடுக்கடுக்காகக் குரல் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த ஒற்றைக் குரல் பகீரென்கிறது. இதைத் தனியாக எடுத்துக் கேட்டுப் பார்த்தேன், அந்த அடி விழவில்லை. முப்பத்தொன்பது நிமிடத்தையும் வரிசையாகக் கேட்டு வந்து சேர வேண்டும்.

ஹெட்போன் கட்டாயம். போன் ஸ்பீக்கரில் போட்டால் கீழ்க்குரல்கள் காணாமல் போய், யாரோ குளியலறையில் பாடுவது மாதிரி இருக்கும்.