சிவப்புக் கட்டத்தில் சோறும் தயிரும்: எந்தச் சோதனையை நம்புவது?

வயிற்று உப்புசம் தாங்காமல் அக்கா ரத்தம் கொடுத்து எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லும் ஓர் அறிக்கை வாங்கிவந்தார். அரிசி, துவரம்பருப்பு, தயிர், முட்டை எல்லாம் சிவப்புக் கட்டத்தில். அவர் வீட்டு அன்றாடச் சமையலை யாரோ எட்டிப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

ஒருவகையில் அது உண்மைதான். அந்தச் சோதனை அளந்தது ஐஜிஜி என்னும் எதிர்ப்புப் புரதத்தை. அடிக்கடி உண்ணும் பொருளுக்கு அது ரத்தத்தில் உருவாவது இயல்பு. உடல் அந்த உணவுக்குப் பழகியிருப்பதையே காட்டுகிறது. உணவு ஒத்துக்கொள்ளாமையைக் கண்டறிய இது உதவாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது. தடிப்பு, மூச்சுத்திணறல் வருபவர்களுக்குப் பார்க்கும் ஐஜிஇ என்னும் ஒவ்வாமைப் புரதம் வேறு. ஓர் எழுத்து வித்தியாசத்தில் பலர் ஏமாறுகிறார்கள்.

பால்மேல்தான் சந்தேகம் என்றால் மூச்சுச் சோதனை மேல். லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையை 25 அல்லது 50 கிராம் கரைத்துக் குடித்துவிட்டு, இரண்டு மூன்று மணிநேரத்துக்கு அவ்வப்போது ஊத வேண்டும். செரிக்காத சர்க்கரையைப் பெருங்குடல் பாக்டீரியா நொதிக்கவைக்க, அதில் பிறக்கும் ஹைட்ரஜன் மூச்சில் வெளியேறும். தொடக்க அளவைவிட 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கூடினால் பாசிட்டிவ். இங்கேயும் ஒரு குழப்பம் உண்டு. 25 கிராம் என்பது அரை லிட்டர் பாலில் உள்ள அளவு. டம்ளர் காபியில் சேரும் பால் 100 மில்லி. பாசிட்டிவ் வந்த பலருக்கும் காபி ஒன்றும் செய்வதில்லை, தயிர் இன்னும் எளிது. சிலர் குடலில் ஹைட்ரஜனுக்குப் பதில் மீத்தேன் உருவாகும். அதையும் அளக்காவிட்டால் நெகட்டிவ் என்று வந்துவிடும்.

கோதுமையை நிறுத்துவதற்குமுன், அதிலுள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறுத்தியபின் பார்த்தால் நோய் மறைந்துகொள்ளும்.

மூன்றாவது வழிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சந்தேகப்படும் பொருளைச் சில வாரம் விலக்கி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எழுதிவருவது. கல்யாண வீட்டுப் பந்தியில் இது படாதபாடு. பலர் விலக்குவதோடு நின்றுவிடுகிறார்கள். விடை கிடைப்பதோ திரும்பச் சேர்க்கும்போதுதான். ஆனாலும் என் ஓட்டு இதற்கே. சிவப்புப் பட்டியலில் இல்லாத வெங்காயமும் பூண்டும் இதில்தான் பிடிபடும். அவற்றிலுள்ள ஃப்ரக்டான் என்னும் செரிக்காத மாவுச்சத்து வகை பலருக்கு வயிற்றை ஊதவைக்கும்.

அக்காவின் நோட்டில் கடைசி வரி: "வெங்காயமில்லாத சாம்பார், நான்காம் நாள். உப்புசம் இல்லை. காபி இரண்டு வேளை."