பேய்ப்படத் தலைப்புக்கு எந்த ஃபான்ட்?

பேய்ப்படத்துக்குத் தலைப்பு வடிவமைக்க உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது ரத்தம் சொட்டும் ஃபான்ட்தான். க்ரீப்ஸ்டர், நோசிஃபர் என்று கூகுள் ஃபான்ட்ஸிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பார்த்த நொடியில் ‘இது பேய்ப்படம்’ என்று சொல்லிவிடும். ஆனால் எந்த மாதிரிப் பயம் என்பதைச் சொல்லாது. மெல்ல மெல்ல மனதைக் கலங்கடிக்கும் படமா, திடுக்கிட வைக்கும் படமா, சிரிப்பும் பயமும் கலந்த படமா? மூன்றுக்கும் ஒரே சொட்டு ரத்தத்தைப் போட்டால், பார்வையாளர் மூன்றாவதைத்தான் எதிர்பார்த்து உட்காருவார்.

ஒப்பிட வசதியாக ஒரே தலைப்பை எடுத்துக்கொள்வோம்: ‘பழைய வீடு’. கறுப்புத் திரை, நடுவில் இந்த இரண்டு சொற்கள் மட்டும்.

சொட்டும் ஃபான்ட் பாணியில் இதை எழுதினால் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. ஆங்கில எழுத்தின் அடியில் எத்தனை சொட்டு தொங்கினாலும் அது அதே எழுத்துதான். தமிழில் அப்படி இல்லை. ‘ப’வின் அடியில் ஒரு கோடு இறங்கினால் அது ‘பு’. ‘ய’வில் இறங்கினால் ‘யு’. நம் தலைப்பு தூரத்திலிருந்து ‘புழையு வீடு’ என்று படிக்கப்படும். உகரக் குறி நம் எழுத்தின் கீழ்ப்பக்கத்தில் குடியிருப்பதால், சொட்டுகளை அங்கே தாராளமாகத் தொங்கவிட முடியாது. சொட்டு வேண்டியேதான் ஆக வேண்டும் என்றால் ‘ழ’வின் வால் போல ஏற்கெனவே கீழே இறங்கும் இடங்களை மட்டும் நீட்டலாம். ஒன்றிரண்டு போதும்.

அடுத்தது கீறல் எழுத்து. 1995இல் வந்த ‘செவன்’ படத்தின் தொடக்கக் காட்சிக்காகத் தலைப்பு வடிவமைப்பாளர் கைல் கூப்பர் செய்த வேலைக்குப் பிறகு இந்தப் பாணி உலகம் முழுக்கப் பரவியது. அதில் எழுத்துகள் கையால் கீறப்பட்டவை. நடுங்கும், துள்ளும், இரண்டாகத் தெரியும். கதையில் வரும் கொலைகாரனே உட்கார்ந்து எழுதியது போல இருக்கும். அந்தக் காரணம் இருந்ததால்தான் அது பயமுறுத்தியது. இன்று ரெடிமேடாகக் கிடைக்கும் கீறல் ஃபான்ட்களில் அந்தக் கை இல்லை. தலைப்பில் ஒரே எழுத்து இரண்டு தடவை வந்தால் இரண்டிலும் அதே இடத்தில் அதே கீறல் இருக்கும். கண் அதைச் சட்டென்று பிடித்துவிடும். பிடித்த கணமே அது கணினி எழுத்து என்று தெரிந்துவிடும். ஆகவே இந்த வகையை எடுத்தால், தட்டச்சு செய்ததை அவுட்லைனாக, அதாவது திருத்தக்கூடிய வரைகோடுகளாக மாற்றி ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகச் சிதைக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லையென்றால் தொடாமல் இருப்பது நல்லது.

ட்ரேஜன் வகைக்கு வருவோம். ரோமில் உள்ள ட்ரேஜன் தூணின் கல்வெட்டைப் பார்த்து கேரல் ட்வாம்ப்ளி 1989இல் அடோபிக்காக வடிவமைத்தது. ஆங்கிலப் படச் சுவரொட்டிகளில் வரலாற்றுப் படம், காதல் படம் என்று எங்கும் வந்தது, பிறகு பேய்ப்படங்களிலும் நிறைந்தது. கல்லறை வாசகம் போன்ற கம்பீரம் அதில் உண்டு. ஆனால் அந்தக் கம்பீரம் பெரிய எழுத்துகளின் சமமான உயரத்தால் வருவது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. ‘வீ’யின் சுழி மேலே போகும், ‘ழ’ கீழே இறங்கும். ஆகவே அதே தோற்றத்தைத் தேடாமல், தடிமனும் மெலிவும் மாறி மாறி வரும் ஒரு எழுத்துருவைத் தேடினால் போதும். நோட்டோ செரிஃப் தமிழ் அப்படி ஒன்று. மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை எடைகள் இருப்பதால் விளையாட இடம் இருக்கிறது. மெல்லிய எடையை மட்டும் தவிர்க்கலாம். போனில் பார்க்கும்போது கோடுகள் கறுப்பில் கரைந்துவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது இதற்கு நேர் எதிரான வழி: எந்த அலங்காரமும் இல்லாத எழுத்து, நிறைய இடைவெளி. 1979இல் வந்த ‘ஏலியன்’ தலைப்பு இதற்குச் சரியான பாடம். திரையின் மேற்பகுதியில் சில கோடுகள் மட்டும் தோன்றும். அவை எழுத்தா, வேறு ஏதாவதா என்று தெரியாது. கேமரா கோளைக் கடந்து மெதுவாக நகர நகர, கோடுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து சொல்லாகும். படிக்க முடிகிற கணத்துக்காகக் காத்திருப்பதே பதற்றமாக இருக்கும். ரத்தம் இல்லை, கீறல் இல்லை.

இதைத் தமிழில் செய்யும்போது கவனமாக இருக்க வேண்டும். ‘பழைய’ என்பதை இடைவெளி விட்டுப் பரப்பினால் ‘ப’, ‘ை’, ‘ழ’, ‘ய’ என்று நான்கு துண்டுகளாக நிற்கும். ஐகாரக் குறி ‘ப’வுக்கும் ‘ழ’வுக்கும் நடுவில் அநாதையாகத் தொங்கும். மென்பொருளின் டிராக்கிங் அளவை (எல்லா எழுத்துகளுக்கும் நடுவே ஒரே சீரான இடைவெளி தருவது) ஏற்றிவிட்டால் வேலை முடியாது. ‘ழை’யை ஒரே எழுத்தாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் மட்டும் கையால் இடைவெளி கொடுக்க வேண்டும். ஒகரமும் துணைக்காலும் வரும் தலைப்புகளிலும் இதே கதைதான். அப்புறம், சில மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஐகாரக் குறி ‘ழ’வுக்குப் பின்னால் போய் நிற்கும். இப்படி உடைந்த தலைப்போடு ஒரு போஸ்டர் வெளியே போனால் பயம் வராது.

பெங்குவியட் வகையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 1970களில் எட் பெங்குவியட் வடிவமைத்த எழுத்து; 2016இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரால் மறுபடி எல்லோருக்கும் தெரிந்தது. கதை 1970, 80களில் நடந்தால் பொருந்தும். இல்லையென்றால் இன்னொருவருடைய தொடரை நினைவுபடுத்துவதோடு சரி.

கடைசியாக, பயத்தைக் காட்டவே காட்டாத எழுத்து. 1968இல் வந்த ‘ரோஸ்மேரிஸ் பேபி’யின் தொடக்க எழுத்துகள் இளஞ்சிவப்பில், சாய்ந்த கையெழுத்தில் வரும். தாலாட்டுப் புத்தகம் போல. அந்த மென்மை படத்தோடு மோதுவதால் இன்னும் கலக்கமாக இருக்கிறது. ‘பழைய வீடு’ ஒரு குழந்தையைச் சுற்றிய கதை என்றால், கவிவனார் போன்ற சாய்ந்த கையெழுத்து ஃபான்டை எந்தச் சிதைவும் இல்லாமல் வைத்துப் பார்க்கலாம். துணிச்சல் வேண்டும், தயாரிப்பாளரைச் சம்மதிக்க வைப்பதும் சுலபம் இல்லை. ஆனால் வேலை செய்தால் மற்ற எதையும்விட ஆழமாக வேலை செய்யும்.

நிறத்தையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கறுப்பில் சிவப்பு என்பது பேய்ப்பட வழக்கம். ஆனால் சுத்தமான சிவப்புக்கு வெளிச்ச அளவு குறைவு. வெள்ளையோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குதான். அதற்கு மேல், இணையத்துக்கு வீடியோவைச் சுருக்கும்போது பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல்தான் மிஞ்சும். இரண்டும் சேர்ந்து சிவப்பு எழுத்தின் ஓரங்களை மழுங்கடித்துவிடும். சொட்டும் ஃபான்டும் சிவப்பும் சேரும்போது பாதிப்பு இன்னும் அதிகம், ஏனென்றால் மெல்லிய சொட்டுகள்தான் முதலில் காணாமல் போகும். மங்கிய வெள்ளையில் இந்தத் தொல்லை கிடையாது.

என் தேர்வு இது: ‘பழைய வீடு’ மெல்ல நகரும் படம் என்றால் அலங்காரமற்ற எழுத்து, நடுத்தர எடை, மங்கிய வெள்ளை, ஒரே ஒரு இடத்தில் மட்டும் குறை. ‘வீ’யின் சுழி முழுதாக மூடாமல் இருக்கட்டும். அல்லது ‘டு’வின் வளைவு இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் நீளமாகப் போகட்டும். பார்ப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றும், என்ன என்று சட்டென்று சொல்லத் தெரியாது. திடுக்கிட வைக்கும் படம் என்றால் கையால் கீறிய எழுத்து. கையால் எழுதும் ஓவியர் கிடைத்தால், எந்தக் கதையானாலும் ஃபான்டை விட்டுவிட்டு அவரிடம் போய்விடலாம்.

ஃபான்ட்தான் என்று முடிவானால் உரிமத்தைப் படித்துவிடுங்கள். ‘தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று போட்டிருக்கும் இலவச ஃபான்டைப் படத்தில் பயன்படுத்தினால், வெளியீட்டுக்கு முந்தைய வாரம் தலைப்பை மாற்ற வேண்டி வரலாம். நோட்டோ, கவிவனார் இரண்டும் திறந்த உரிமத்தில் வருபவை. வணிகப் படத்துக்கும் பயன்படுத்தலாம், வடிவத்தை மாற்றவும் தடையில்லை.

தேர்ந்த இரண்டு மூன்று வடிவங்களையும் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கி, கதை தெரியாத ஒருவரிடம் போனில் காட்டி வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ‘புழையு’ என்று ஆரம்பித்தால் அந்த வடிவத்தை எடுத்து வைத்துவிடலாம்.