இரட்டைத் தொட்டியா, முன்கதவு மெஷினா? தோட்டப்புற ஊருக்கு எது தோது

பொருளையும் குப்பையையும் குறைத்து வாழ நினைக்கும் குடும்பம் துணி துவைக்க எதை நம்பலாம்? மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பழைய பத்தாங் பெர்ஜுந்தையான பெஸ்தாரி ஜெயாவிலும் சுற்றுவட்டாரத் தாமான்களிலும் (வீடமைப்புப் பகுதிகளிலும்) மூன்று வழி உண்டு: காசு போட்டுத் துவைக்கும் டோபி கடை, முன்பக்கம் கதவு வைத்த ஆட்டோமெட்டிக் மெஷின், துவைக்க ஒன்று, பிழிய ஒன்று என இரண்டு தொட்டி கொண்ட பழைய பாணி மெஷின். என் வீட்டில் இருப்பது இரட்டைத் தொட்டி. என் ஓட்டும் அதற்குத்தான்.

டோபி கடையை முதலில் முடித்துவிடுவோம். சொந்தமாக மெஷினே வேண்டாம் என்பது நல்ல எண்ணம்தான். வாடகை அறையில் தனியாக இருப்பவருக்கு அதுவே சரி. ஆனால் செம்பனைக் காட்டு வேலைச் சட்டையும் பள்ளிச் சீருடையும் நாள் தவறாமல் சேரும் வீட்டில், வாரத்துக்கு நாலைந்து முறை மூட்டை கட்டிப் போக வேண்டியிருக்கும். வெயிலும் கொடிக்கயிறும் சும்மா கிடைக்கும்போது உலர்த்தும் மெஷினுக்கு எரிவாயுவை எரிப்பதும் மனதுக்கு ஒப்பவில்லை. தீபாவளி மழையில் கனத்த போர்வை காயாத நாளுக்கு டோபி போதும்.

முன்கதவு மெஷின் துணியை நோகாமல் துவைக்கும். ஒரு நடைக்கு, அதாவது ஒரு தடவை போடும் துணிக்கு, 50, 60 லிட்டரில் வேலையை முடித்துவிடும். குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வரும் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் அங்கேதான். பல மாடல்களின் நீர் வால்வு திறந்து ஓட 0.3 முதல் 0.5 பார் வரை அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. குழாய் நிற்கும் நாளுக்கெனக் கொல்லையில் இரண்டு மீட்டர் மேடையில் வைத்த தோம்பு (தண்ணீர்ப் பீப்பாய்) 0.2 பார்தான் தரும். தோம்பு நிறைய தண்ணீர் இருந்தும் மெஷின் 'தண்ணீர் இல்லை' என்று கோளாறு காட்டி நிற்பது இதனால்தான். தண்ணீர்த் தடை முடிந்து குழாய் திறந்ததும் வரும் கலங்கலில், நீர் நுழையும் இடத்துக் கம்பி வலை அடைத்துக்கொள்வதும் உண்டு. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆறு மாசுபட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது எங்கள் ஊர் இருக்கும் கோலசிலாங்கூர் மாவட்டமும் பாதிக்கப்பட்டது. இரட்டைத் தொட்டிக்கு அழுத்தமே தேவையில்லை, வாளியில் மொண்டு ஊற்றினாலும் ஓடும்.

இனி, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விஷயம்: பழுது.

முன்கதவு மெஷினின் மூளை ஒரு மின்பலகை. இடி விழும் மாலையில் பிளக்கைப் பிடுங்க மறந்தால் அது போகலாம். சூட்டுக்கு ஒதுங்கும் பல்லியும் எறும்பும் குறுக்கே கிடந்தாலும் போகலாம். மாடல் பழசாகிவிட்டால் பலகை கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் விலையைக் கேட்டதும் புதுசே வாங்கிவிடத் தோன்றும். டிரம்மைத் தாங்கிச் சுற்றவிடும் பேரிங்கும் அப்படித்தான். வெளித்தொட்டியை ஒட்டி மூடியே செய்த மாடல்களில் பேரிங்கை மட்டும் மாற்ற வழியில்லை, தொட்டியோடு மாற்ற வேண்டும். அறுபது எழுபது கிலோ எடையுள்ள பொருள், ஆட்டத்தை அடக்க உள்ளே வைத்த கான்கிரீட் பாரம் உட்பட, ஒரு பேரிங்குக்காகப் பழைய இரும்பு லோரியில் ஏறுகிறது.

இரட்டைத் தொட்டி இருபது, இருபத்தைந்து கிலோதான். இரண்டு மோட்டார், ஒரு பெல்ட், மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர், முறுக்கிவிடும் டைமர், வடிகால் ரப்பர், பிரேக் கம்பி. அவ்வளவுதான் உள்ளே. துவைக்கும் தட்டு பாரம் ஏறியதும் திணறினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மோட்டார் போல்ட்டைத் தளர்த்தி, விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அமுங்கும் அளவுக்கு மோட்டாரை இழுத்து முறுக்குங்கள். பிழியும் பக்கம் 'உம்'மென்று முனகிவிட்டுச் சுற்றாமல் நின்றால், முதலில் கூடைக்கும் தொட்டிக்கும் நடுவே காலுறை சிக்கியிருக்கிறதா பாருங்கள். அடுத்து, மூடியை மூடும்போது பிரேக் கட்டை விலகுகிறதா பாருங்கள். இரண்டும் சரி என்றால் கெப்பாசிட்டர். பழையதில் போட்டிருக்கும் அதே மைக்ரோஃபேரட் அளவில், வோல்ட் குறையாமல் வாங்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் இதைக் கடைக்காரரிடம் விடுவது நல்லது.

பிழியும் மோட்டாரைக் கொல்வது பெரும்பாலும் ஒரு சின்ன ரப்பர். பிழியும் தொட்டியின் அடியில் கறுப்புக் கூம்பு மாதிரி இருக்கும். அதன் நடுவே மோட்டார் தண்டு மேலேறும். ரப்பர் வெடித்தாலோ உதடு தேய்ந்தாலோ சோப்புத் தண்ணீர் தண்டு வழியாக மோட்டார் தலையில் சொட்டும். முதலில் பேரிங் துருப்பிடித்துக் கீச்சிடும், அப்புறம் மோட்டாரின் கம்பிச் சுருள் எரியும். அந்தக் கீச்சு கேட்டதுமே பின்தகட்டைக் கழற்றிப் பாருங்கள்: மோட்டார் மேல் வெள்ளையாகச் சோப்புப் படிந்திருந்தால் ரப்பர் போய்விட்டது. அதன் விலை சில வெள்ளிதான். மாற்றும்போது தண்டில் ஏறிய துருவை மணல்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவிவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் அதே துரு புது ரப்பரையும் அறுத்துவிடும். மாற்றியும் சில மாதத்தில் மறுபடி ஒழுகுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இரட்டைத் தொட்டி தண்ணீரைக் குடிக்கும் என்பார்கள். குழாயைத் திறந்துவிட்டபடியே அலசினால் உண்மைதான். முறையாகச் செய்தால் ஒரு தொட்டி 45 லிட்டரில் மூன்று நடை துவைக்கலாம்: முதலில் வெள்ளைச் சீருடை, அடுத்து வீட்டுத் துணி, கடைசியில் மண்ணை உதறிய வேலைச் சட்டை. ஒவ்வொரு நடையையும் அலசும் முன் ஒரு நிமிடம் பிழிந்து சோப்பை வெளியேற்றுங்கள். பிழியாமல் அலசினால் இன்னொரு தொட்டி தண்ணீர் வீணாகும். பிறகு தொட்டியை வடித்து, நிரப்பி, மூன்றையும் அதே வரிசையில் அலசுங்கள். மறுபடி நிரப்பி இன்னொரு தடவை. மொத்தம் 135 லிட்டர், குறைந்ததை ஈடுகட்ட ஊற்றுவதையும் சேர்த்தால் 150 வரும். முன்கதவு மெஷினில் மூன்று நடைக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். பால்மரம் (ரப்பர்) வெட்டுபவர் சட்டையில் காய்ந்த பாலை மட்டும் முன்கூட்டியே உரித்துவிட வேண்டும்.

இதற்கெல்லாம் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நனைந்த துணியைத் தூக்கி மாற்ற முதுகு ஒத்துழைக்காத பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் நானே முன்கதவைத்தான் சொல்வேன். பத்து ஆண்டு தொந்தரவில்லாமல் ஓடும் முன்கதவு மெஷின்களும் உண்டு, மறுக்கவில்லை.

இரண்டாம் கை இரட்டைத் தொட்டி வாங்கப் போனால், தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு வடிகுழாய் சொட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு ஈரத்துணி போட்டுப் பிழியவிட்டு மூடியைத் திறங்கள். கூடை சட்டென்று நிற்க வேண்டும். கடைசியாக மெஷினைச் சாய்த்து, பிழியும் மோட்டாரின் மேல்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். துருத்தூள் கையில் ஒட்டினால் அதை விட்டுவிட்டு வேறு பாருங்கள்.