ஃபாக்ஸ்புரோ, லாசரஸ், பைத்தான்: நூல் கடைக்கு எது?

ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கம் பல ஜவுளி நூல் கடைகளில் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மொழியில் எழுதிய பில் புரோகிராமை இன்றும் பார்க்கலாம். "ஓடறது ஓடட்டுமுங்க, எதுக்கு மாத்தோணும்?" என்பார் முதலாளி. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பில் போடுபவர் மவுஸைத் தொடவே மாட்டார். பார்ட்டி கோடு, என்டர். நூல் நம்பர், என்டர். மூட்டை, என்டர். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கார்பன் தாளில் மூன்று நகலையும் ஒரே தடவையில் அடித்துவிடும். பிரவுசரில் ஓடும் புது பில்லிங் பலவற்றில் இந்த வேகம் கிடையாது.

ஆனால் ஃபாக்ஸ்புரோவுக்கு இப்போது ஆள் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2004-இல் வெளியிட்ட 9-ஆம் பதிப்புதான் கடைசி. 2015 ஜனவரியோடு ஆதரவும் முடிந்தது. ஒரு டேபிள் 2 ஜிபியைத் தாண்ட முடியாது. யூனிகோடு தெரியாததால் பார்ட்டி பெயரைத் தமிழில் வைக்கப் பழைய எழுத்துருக்களோடு மல்லுக்கட்ட வேண்டும். திடீரென்று கரண்ட் போனால் இண்டெக்ஸ் (தரவைத் தேட உதவும் கோப்பு) கெட்டுப்போகலாம். எல்லாவற்றுக்கும் மேல் இ-இன்வாய்ஸ், அதாவது ஜிஎஸ்டிக்காக அரசுத் தளத்தில் பதியும் பில்: 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். அது கேட்கும் ஜேசன் (JSON) வடிவக் கோப்பை உருவாக்க ஃபாக்ஸ்புரோவிலேயே அமைந்த வசதி இல்லை.

வயதை இதற்குக் குறை சொல்ல மாட்டேன். ஃபோர்ட்ரான் என்ற கணக்கீட்டு மொழி 1957-இல் வந்தது, 2023-இல்கூட அதற்குப் புதுத் தரநிலை வெளியானது. கோயம்புத்தூர் பம்ப் கம்பெனி எதிலாவது பழைய ஃபோர்ட்ரான் கணக்கு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், இலவச ஜிஃபோர்ட்ரானில் கம்பைல் செய்து பாருங்கள். கோபோல் (COBOL) என்ற இன்னொரு பழைய மொழி, வங்கி மென்பொருள் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சரி, கடைக்குத் தேவையில்லை.

அப்புறம் பாஸ்கல். 1970-இல் நிக்லாஸ் விர்த் உருவாக்கிய மொழி, இன்று லாசரஸ் என்ற இலவசக் கருவியாக உயிரோடு இருக்கிறது. மவுஸ் இல்லாத அதே பில் திரையை இதில் சுலபமாகக் கட்டலாம். ஃபாக்ஸ்புரோ தரவு இருக்கும் டி.பி.எஃப் கோப்பை நேரடியாகத் திறக்கும், தமிழும் வரும். ஒரே எக்ஸி கோப்பைப் பழைய கணினியில் போட்டாலே ஓடும். ஃபாக்ஸ்புரோ எழுதிய கைக்கு இது சீக்கிரம் பழகிவிடும்.

பைத்தானுக்கு ஆள் பஞ்சமே இல்லை, கோவை பொறியியல் கல்லூரி மாணவர்களிடம் கேட்டாலே போதும். ஜேசன், எக்செல் வேலைகள் அதில் சில வரிகள்தான். பில் திரை கட்டும்போதுதான் லாசரஸ் தரும் சுகம் வராது.

என் முடிவு இது: புரோகிராம் எழுதியவர் இன்னும் கூப்பிட்ட குரலுக்கு வருகிறார் என்றால், பில்லை ஃபாக்ஸ்புரோவிலேயே விடுங்கள், இ-இன்வாய்ஸை மட்டும் பக்கத்தில் ஒரு சின்ன பைத்தான் நிரல் பார்த்துக்கொள்ளட்டும். மாற்றி எழுதித் தரவும் அவர் தயார் என்றால் லாசரஸ் போதும். அவர் இல்லையென்றால் இந்த வருஷமே பைத்தானுக்கு மாறிவிடுங்கள்.

மாற்றும்போது டி.பி.எஃப் கோப்பை மட்டும் நகலெடுத்து அனுப்பாதீர்கள். மெமோ புலத்தில் (நீளமான எழுத்துக்கான இடத்தில்) அடித்த விலாசமும் குறிப்பும் அதே பெயருள்ள எஃப்.பி.டி கோப்பில் தனியாகக் கிடக்கும். அதையும் சேர்த்தே எடுங்கள்.