டானிக் வாட்டர்: நடன மேடையில் ஐந்து மாதம் குடித்துப் பார்த்த பிறகு

இரண்டு சிங்கப்பூர் டாலருக்கும் குறைவான ஒரு பொருளைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவது சிலருக்கு அதிகமாகத் தோன்றலாம். சிங்கப்பூரில் எந்தக் கடைக்குப் போனாலும் குளிர்பான அடுக்கில் சோடாவுக்குப் பக்கத்தில் கிடைக்கிறது டானிக் வாட்டர் என்ற கசப்பான குளிர்பானம். நான் வாங்கியது ஷ்வெப்ஸ். வேறு நிறுவனத்துடையதையும் குடித்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. வெயிலுக்கு இதமாக இருக்கிறதா என்று பார்ப்பவர்களுக்காக இதை எழுதவில்லை. இரவு வேலையில் மேடையில் ஆடுகிறவர்களுக்காக, அதிலும் வேலை நேரத்தில் குடிப்பதை நிறுத்த நினைத்து, எப்படி என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்கு 32 வயது. சென்னை சாலிகிராமத்தில் இருக்கிறேன். படப்பிடிப்பில் குழு நடனம் ஆடுவேன். வேலை இல்லாத மாதங்களில் வெளிநாட்டு ஒப்பந்தம். சிங்கப்பூரில் ஓர் இந்திய நடனக் கிளப்பில் ஆறு மாதம் ஆடிவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறேன். இது எனக்கு மூன்றாவது ஒப்பந்தம். முதல் இரண்டிலும் ஒவ்வோர் இரவும் ஆறு ஏழு கிளாஸ் குடித்தேன்.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் இந்தப் பொருளின் மதிப்பு விளங்கும். இரவு ஒன்பதரை மணிக்கு மேடை ஏறினால் மூன்று மணிக்குத்தான் இறங்குவோம். பாட்டு ஓடும், ஆடுவோம். பிடித்த பெண்ணுக்கு வாடிக்கையாளர் மாலை வாங்கிப் போடச் சொல்வார். அந்த மாலைக் காசில் எங்களுக்குப் பங்கு உண்டு. எங்கள் கிளப்பில் மேசையில் போய் உட்காரக் கூடாது. அதனால் கிளாஸ் மேடை ஓரத்துக்கு வரும். ஒருவர் அனுப்பிய கிளாஸைத் தொடாமல் வைத்தால் அவரையே ஒதுக்கியதாக எடுத்துக்கொள்வார், பின்னால் வரவேண்டிய மாலையும் வராது. காலில் சலங்கை எப்படியோ அப்படித்தான் எங்களுக்குக் கையில் கிளாஸ். குடியை நிறுத்தச் சொல்கிறவர்கள் யாரும் இதை யோசிப்பதில்லை. "வேண்டாம் என்று சொல்லிவிடு" என்பார்கள். சொல்லிவிட்டு வெறுங்கையோடு அந்த மேடையில் எத்தனை பாட்டுக்கு நிற்க முடியும்?

முதல் கிளாஸ் கூச்சத்துக்கு. இரண்டாவது கால் வலிக்கு. நான்கு அங்குலக் குதிகால் செருப்பில் ஐந்து மணி நேரம் நின்றவர்களுக்கு அது தெரியும். அதற்கு மேல் எதற்கென்றே தெரியாது. விடியற்காலையில் விடுதி அறைக்குப் போனால் தூக்கம் வர இன்னும் இரண்டு வேண்டும்.

பொருளுக்குப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். நான் என் விடுமுறை நாளான ஒரு திங்கட்கிழமை, யாரிடமும் கேட்காமல் ஒரேயடியாக நிறுத்தினேன். செவ்வாய்க்கிழமை காலையில் கை நடுங்கியது, தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. உடம்பு முழுவதும் வியர்வை. அறையில் இருந்த அக்கா என்னைப் பிடித்து கிளினிக்குக் கூட்டிப்போனார். நாள்தோறும் அதிகம் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்புகூட வரலாம், அதற்குப் பிறகு மனம் குழம்பிப் புலம்பும் நிலையும் வரலாம் என்று மருத்துவர் சொன்னார். தயமின் என்ற வைட்டமின் பி1 மாத்திரையும் நடுக்கத்துக்குச் சில நாள் மருந்தும் கொடுத்தார். நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. கை நடுங்கும் நிலையில் இருப்பவருக்கு முதலில் வேண்டியது மருத்துவர். டானிக் வாட்டரின் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு மனநலக் கழகத்தில் போதைப் பழக்கத்துக்கென்றே தேசியச் சேவை ஒன்று இருக்கிறது.

திரும்ப வேலைக்குப் போன இரவு கையில் எதைப் பிடிப்பது என்பதுதான் என் கவலை. முதலில் தண்ணீர். மேடை ஓரத்தில் தண்ணீர் கிளாஸைப் பார்த்ததும் ஒருவர் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார், அடுத்தவர் கேட்டார், மூன்றாமவர் தானே போய் ஒரு விஸ்கியோடு வந்தார். பிறகு ஆரஞ்சுச் சாறு. அது ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். காலிக் கிளாஸைப் பார்த்தால் யாராவது நிரப்ப வந்துவிடுகிறார்கள். அடுத்து ஜிஞ்சர் ஏல் என்ற இஞ்சிக் குளிர்பானம். பார்ப்பதற்கு விஸ்கி சோடாவேதான், ஆனால் தித்திப்பு தாங்கவில்லை. அதைக் குறைக்கச் பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாரத்தைச் சில சொட்டு விடலாம் என்று பாரில் யோசனை சொன்னார்கள். புட்டியைத் திருப்பிப் பார்த்தேன்: 44.7 சதவீதம் ஆல்கஹால். சொட்டுதானே என்று மற்றவர்கள் சொல்லலாம். எனக்கு அந்தச் சொட்டு வேண்டாம்.

ஆல்கஹால் இல்லாத பீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். நிறம், நுரை, புட்டி எல்லாம் அச்சாக அப்படியே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. 0.0 என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். வெறுமனே 'ஆல்கஹால் இல்லாதது' என்று போட்டு 0.5 சதவீதம் வரை வைத்துக்கொள்ளப் பல நாடுகளில் இடமுண்டு. ஏற்கெனவே குடிக்காதவருக்கு 0.0 நல்ல பானம். எனக்கு அதன் மால்ட் மணமே எதிரியாகிவிட்டது. மூன்றாவது வாரம், சனிக்கிழமை, இரண்டாவது புட்டி முடியும்போது நாக்கு மீதியைக் கேட்டது. எனக்குள் யாரோ நின்று கேட்பதுபோல அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அன்றைக்கு மூன்று உண்மையான பீர் குடித்தேன். ஐந்து மாதத்தில் நான் தவறிய இரவு அது ஒன்றுதான். பழகிய மணம், பழகிய புட்டி, பழகிய கசப்பு மூன்றும் சேர்ந்து வரும்போது உடம்பு நான்காவதையும் எதிர்பார்க்கிறது. அதன் பிறகு அந்தப் புட்டியைத் தொடவில்லை.

டானிக் வாட்டரைக் கொண்டுவந்தவர் பார் கவுண்டரில் இருந்த அண்ணன். மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவர். நான் தவறியதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் எதுவும் கேட்கவில்லை. உயரமான கிளாஸில் ஐஸ், ஒரு எலுமிச்சைத் துண்டு, மேலே டானிக். "ஜின் டானிக்கில் ஜின் மட்டும் இல்லை தங்கச்சி, பிடியுங்கள்" என்றார். ஜின் என்ற மதுவில் டானிக்கைக் கலந்தால் அதுதான் ஜின் டானிக்.

மேடைக்குக் கொண்டுபோனேன். எங்கள் மேடைக்கு மேலே புற ஊதா விளக்கு வரிசை உண்டு. வெள்ளைத் துணியையும் பல்லையும் பளீரென்று காட்டுமே, அந்த விளக்கு. அதன் கீழே போனதும் கிளாஸ் நீலமாக ஒளிர்ந்தது. டானிக்குக்குக் கசப்பைத் தரும் கினைன் என்ற பொருளின் குணம் அது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. ஜின் டானிக்கும் அந்த விளக்கில் அப்படித்தான் ஒளிரும், ஒளிர்வது அதிலிருக்கும் டானிக்தானே. தண்ணீரோ வெறும் சோடாவோ ஒளிராது. கிளப்பின் கடைசி மேசையிலிருந்து பார்த்தாலும் என் கையில் ஜின் இருப்பதாகத்தான் தெரியும். நான் வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று இரவு ஒருவர்கூட உடம்புக்கு என்னவென்று கேட்கவில்லை.

அடுத்தது கசப்பு. நிலவேம்புக் கசாயம் குடித்தவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை, ஆனாலும் கசப்பு கசப்புதான். மடக்கென்று விழுங்க முடியாது, சிறிது சிறிதாகத்தான் இறங்கும். ஒரு கிளாஸ் எனக்கு அரை மணி நேரம் வந்தது. பழச்சாறு தோற்ற இடம் இதுதான். அதே சமயம் இது பீரின் கசப்பு இல்லை. நாக்குக்கு இதோடு பழைய உறவு கிடையாது. மீதியைக் கேட்கவில்லை.

எனக்கு மட்டும் இதோடு வேறொரு உறவு இருந்தது. என் அம்மாவுக்கு ஊர் கூடலூர். ஊட்டியிலிருந்து பஸ்ஸில் போகும்போது நடுவட்டம் வந்தால், தன் தாத்தா கொயினா மரத் தோட்டத்தில் வேலை செய்தார் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். மலேரியாவுக்குக் கினைன் எடுக்க வெள்ளைக்காரர்கள் 1860களில் நீலகிரியில் நட்ட சின்கோனா மரங்கள் அவை. நடுவட்டத்தில் அந்தத் தோட்டத்துக்குக் கைதிகளையும் கொண்டுவந்திருக்கிறார்கள், இந்த மலாக்கா நீரிணைப் பக்கத்துச் சீனர்களும் அவர்களில் இருந்திருக்கிறார்கள். கேனின் பக்கவாட்டில் கினைன் என்று படித்த அன்று அம்மாவுக்கு போன் செய்தேன். எதற்காக இதைக் குடிக்கிறேன் என்றும் அன்றுதான் சொன்னேன். அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கொயினா சூடு, மோர் நிறையக் குடி" என்றார்.

குறைகளும் உண்டு. டானிக் சர்க்கரை இல்லாத பானம் என்று நினைத்துவிடாதீர்கள், கசப்பு அதை மறைத்துவிடுகிறது. ஓர் இரவுக்கு ஐந்து கேன் குடித்தால் உள்ளே போகும் சர்க்கரை கொஞ்சமில்லை. முதல் மாதம் பாவாடை இடுப்பில் இறுகியது. சிங்கப்பூரில் பானங்களின் மேல் சர்க்கரை அளவுக்கு ஏ முதல் டி வரை எழுத்துத் தரம் போடுகிறார்கள். அதைப் பார்த்து வாங்குங்கள். பாதி டானிக், பாதி சோடா கலந்தால் சர்க்கரை பாதியாகிறது, ஒளிர்வதும் நிற்பதில்லை. வயிற்றில் வாயு இன்னொரு தொல்லை. கேனை உடைத்ததும் குடித்துவிட்டு வேகப் பாட்டுக்கு ஆடினால் நெஞ்சுக்குள் முட்டும். பத்து நிமிடம் திறந்து வைத்து நிறைய ஐஸ் மேல் ஊற்றினால் அடங்குகிறது. கர்ப்பிணிகளும், இதயத் துடிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும், கினைன் ஒத்துக்கொள்ளாதவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதை எடுக்க வேண்டாம்.

வாடிக்கையாளரின் காசு விஷயம் என்னை உறுத்தியது. அவர் ஜினுக்குக் காசு கொடுக்க, நான் டானிக் குடித்தால் அது ஏமாற்று. ஒருவர் என் கிளாஸை வாங்கி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார். நியாயமான கோபம். மேலாளர் என் சம்பளத்தில் பிடித்தார். அதற்குப் பிறகு அண்ணனிடம் சொல்லிவிட்டேன்: எனக்கு என்று யார் வாங்கினாலும் பில்லில் டானிக் என்றே போடுங்கள். பில்லைப் படிக்கிறவர்கள் குறைவு. படித்தவர்களில் இருவர் அதன் பிறகு எனக்கு எதுவும் அனுப்பவில்லை. கப்பல் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், பிறகு மிச்சக் காசுக்கு ஒரு சிறிய மாலை போடச் சொன்னார். மொத்தத்தில் மாலை வருமானம் முதல் மாதம் குறைந்தது. மூன்றாவது மாதம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

அது எப்படி வந்தது என்பதை யோசித்துப் பார்க்கிறேன். போதை இல்லாமல் ஆடிய முதல் இரவு பயங்கரமாக இருந்தது. ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. ஒவ்வொரு முகமும் தனித்தனியாகத் தெரிந்தது. அதுவரை எனக்கு அவை ஒரே இருட்டாக இருந்திருக்கின்றன. எத்தனையோ முறை ஆடிய பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் சுற்றை மறந்து நின்றேன். கால் வலி முழுதாக வந்தது. ஒப்பனை அறையில் உட்கார்ந்து அழுதேன், ஊருக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனால் இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் தபேலாவில் ஒரு சின்ன இடைவெளி எனக்குக் கேட்டது. அந்தப் பாட்டில் அப்படி ஓர் இடைவெளி இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. அங்கே நின்றேன், அடுத்த அடியில் திரும்பினேன். பதினாறு வயதில் வடபழனியில் மாஸ்டரிடம் அடி வாங்கிக் கற்ற கால் அப்படியே திரும்பி வந்தது. முன்வரிசை சட்டென்று நிமிர்ந்தது. அன்றிலிருந்துதான் மாலை ஏறியது என்று நினைக்கிறேன்.

யார் கை நீட்டப் போகிறார், யார் சண்டைக்கு எழப் போகிறார் என்பதும் இப்போது முன்கூட்டியே தெரிகிறது. ஓரமாக ஒதுங்கிவிட முடிகிறது. இதற்கு முன் இரண்டு ஒப்பந்தங்களில் என் மேல் விழுந்த கைகளை நினைத்தால், எத்தனையைத் தவிர்த்திருக்கலாம் என்று மனம் கனக்கிறது.

வேலை முடிந்த பிறகான நேரத்துக்கு டானிக் உதவாது. மேடையில் கைக்கு வேலை கொடுக்கும், அறையில் தூக்கம் கொடுக்காது. அதற்கு நான் அக்காவோடு லிட்டில் இந்தியாப் பகுதியான தேக்காவில் விடிய விடியத் திறந்திருக்கும் கடையில் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டு நடந்தே அறைக்குப் போனேன். சில இரவுகளில் அதுவும் போதவில்லை, விழித்தே கிடந்தேன்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். கடையில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வதைவிட, பாரில் இருப்பவர் ஒருவரிடம் உண்மையைச் சொல்லி வைப்பது முக்கியம். அவர் கையில்தான் உங்கள் கிளாஸ் இருக்கிறது. எலுமிச்சைத் துண்டைக் கேட்டு வாங்குங்கள், அது இல்லாத டானிக்கை யாரும் ஜின் என்று நம்ப மாட்டார்கள். அடுத்த ஒப்பந்தம் கோலாலம்பூர் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். மேடைக்கு மேலே என்ன விளக்கு போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறேன்.