புளூ நோட் முதல் பதிப்பா, ஜப்பான் கிங் பதிப்பா?

1966க்கு முந்தைய, அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டு நிறுவனமான புளூ நோட்டின் முதல் பதிப்பு என்றால் லேபிளை ஒட்டிய வெற்றுப் பரப்பில் காது வடிவக் குறி இருக்கவேண்டும். தட்டை அச்சிட்ட பிளாஸ்டிலைட் ஆலையின் முத்திரை அது. பின்னர் புளூ நோட்டை வாங்கிய லிபர்ட்டி என்ற இசைத்தட்டு நிறுவனம், மிச்சமிருந்த, நியூயார்க் என்று அச்சிட்ட பழைய லேபிள்களோடே புதிய தட்டுகளை வெளியிட்டது. லேபிள் சரி, காது இல்லை என்றால் ஏலத்தில் விலை சரியும். ஆகவே விற்பவரிடம் அந்த இடத்தின் படத்தையே கேளுங்கள். பளபளப்பை நம்பவேண்டாம்: அக்காலக் கனமான ஊசி தேய்த்த தட்டு கண்ணுக்குப் புதிதாகத் தெரியும், டிரம்பெட் உச்சத்தில் கரகரக்கும்.

1977 முதல் 1983 வரை ஜப்பானின் கிங் நிறுவனம் வெளியிட்ட மறுபதிப்பு பெரும்பாலும் சத்தமில்லாமல் ஓடும், விலையும் மிகக் குறைவு. ஆனால் ஒலிப்பதிவாளர் வான் கெல்டர் மூலத்தட்டில் நேரடியாக வெட்டிய அந்த முரட்டு ஒலி அதில் இல்லை. அட்டையைச் சுற்றிவரும் ஓபி என்ற காகிதப் பட்டை கிழிந்திருந்தால் பேரம் பேசலாம்.

பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் வாங்கினாலும் இணைய ஏலத்தில் எடுத்தாலும், நம் ஈரக்காற்றில் அட்டை பூசணம் பிடிக்கும். பிவிசி உறையை உடனே கழற்றுங்கள். அது தட்டில் பனிப்படலம்போல் கறை விடும், கழுவினாலும் போகாது. கேட்க மட்டும் என்றால் கிங் போதும்.